நாலு உள்ளே, ஆறு வெளியே

ஜனவரி 4, சனி

காலை முழுக்கப் பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. சனிக்கிழமையாதலால் திருநள்ளாறு போகும் வெளியூர் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

இவருக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் வந்துவிட்டது. ஈ.சி.ஜி. சரி. எக்கோ சரி. சுகர் மட்டும் கொஞ்சம். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, ஆனாலும் பொறுமை.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல பாய். இது பயம். திடீர்னு வரும், மாரடைப்பு மாதிரியே இருக்கும். மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடுங்க. கூடவே மூச்சுப் பயிற்சி, யோகா ஏதாவது பழகுங்க."

"எனக்கு என்னம்மா பயம்?" என்றார் இவர்.

இருபத்தாறு வருஷம் சவுதியில் கிரேன் ஓட்டியவர். இருபது மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவர். போன ஆகஸ்டில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். செப்டம்பரிலிருந்து இது. வேர்க்கும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், "மூச்சு வரல, மூச்சு வரல" என்பார். கட்டிலில் படுப்பதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

அல்லாஹ்வுக்கு ஷுக்ரு, நன்றி: இதயத்தில் கோளாறு இல்லை. இன்றைக்கு இது போதும்.

வாங்க: மாத்திரை (1-0-1), இஞ்சி, துணி சோப்பு.

ஜனவரி 6, திங்கள்

விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு யோகா கிளாஸ் பார்க்கப் போனேன். இவரையும் கூப்பிட்டேன்.

"பொம்பளைங்களோட போயி உக்காந்து மூச்சு விடவா? எனக்கு மூச்சு விடத் தெரியாதா?"

தெரியவில்லை என்றுதானே டாக்டரிடம் போனோம் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஹால். 5.45 முதல் 6.45. பதினோரு பேர், அதில் மூன்று ஆண்கள் (இவரிடம் சொல்ல வேண்டும்). நடத்துவது செல்வி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். விசில் இல்லாமலே விசில் அடிப்பதுபோலக் குரல்.

சுவரில் ஒரு படம். சம்மணம் போட்ட ஆள், முதுகுத்தண்டு நெடுக ஏழு தாமரை, ஏழு நிறம். பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். டீச்சர் கவனித்துவிட்டார்.

"அதப் பாத்து தயங்காதீங்கம்மா. உடம்ப அறுத்துப் பாத்தா உள்ள பூவெல்லாம் இருக்காது. கவனத்த வைக்கிறதுக்கு ஏழு இடம், நான் அப்படித்தான் சொல்லித் தர்றது. மந்திரம் சொல்றவங்க சொல்லுவாங்க. நீங்க உங்க மனசுல எது ஓடுதோ அதைச் சொல்லிக்குங்க."

மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். மூலாதாரம் – உட்காரும் இடம். சுவா. – அடிவயிறு. மணி. – தொப்புள். அனா. – நெஞ்சு. விசு. – தொண்டை. ஆக். – புருவ நடு. ஏழாவது உச்சந்தலை, பெயர் வாயில் நுழையவில்லை.

முடிந்ததும் கேட்டேன். "பயம் எந்த இடத்துல இருக்கும் டீச்சர்?"

"சிலருக்கு அடிவயிறு. சிலருக்குத் தொண்டை. பயப்படுறவங்களத்தான் கேக்கணும்."

முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம். பக்கத்தில் இருந்த சுரக்குடி காந்திமதி அக்கா, "பரவால்லக்கா, எனக்கு மொதல் நாள் இடுப்பே புடிச்சிக்கிச்சு. தூக்கி விட ரெண்டு பேரு வந்தாங்க" என்றார்.

ஜனவரி 7, செவ்வாய்

ஆனாலும் மனதில் ஒரு முள். நம் மார்க்கத்துக்கு இது சரியா? பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போய் அவர் மனைவி மூலம் கேட்டேன். அவர் உள்ளிருந்தே பதில் சொன்னார்.

"யாரையும் வணங்கச் சொல்றாங்களா?"

"இல்லைங்க ஹஜ்ரத்."

"அப்ப அது உடம்புக்கான பயிற்சி. மூச்சு அல்லாஹ் கொடுத்தது. ஒழுங்கா விட்டா நல்லதுதானே. மனசுல அல்லாஹ் பேரு, திக்ரு ஓடட்டும்."

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "முதுகு வலிக்கு ஏதும் சொல்லித் தர்றாங்களாமா?" என்று கேட்டாராம். மனைவி வாசல் வரை வந்து சொல்லிச் சிரித்தார்.

பட்டினச்சேரி மீன்காரம்மா கொடுவா கொண்டு வந்தார். மீன் ஆணம் நன்றாக வந்தது. இவர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார்.

ஜனவரி 9, வியாழன்

வெயில் நேரத்தோடு வந்துவிட்டது.

இன்று நாலாவது இடம், நெஞ்சு. கண்ணை மூடி அங்கே கவனம். நாலு எண்ணும் வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அழுகை. காரணமே இல்லாமல். பக்கத்தில் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். இவர் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. இது உம்மா எனக்கு எழுதிக் கொடுத்த வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். இவர் இங்கே லீவில் வந்துபோகும் மாப்பிள்ளை. இரண்டு பெண்களை வளர்த்தேன், கட்டிக் கொடுத்தேன், மோட்டார் ரிப்பேர் முதல் வீட்டில் விழுந்த மவுத்து வரை தனியாகப் பார்த்தேன். எனக்கென்று ஒரு நேர ஒழுங்கு. இப்போது கூடத்தில் நாள் முழுக்க ஒரு ஆள். டி.வி. சத்தம். "டீ இருக்கா?" துணியை இன்னும் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்துகிறார், அலமாரியில் வைக்கத் தோன்றவில்லை. நானும் அலமாரியில் இடம் ஒழித்துக் கொடுக்கவில்லை.

அதுதான் அழுகை. ஒழித்துக் கொடுக்கவில்லை என்பது.

மதியம் ஒழித்தேன். நடுத்தட்டு முழுதும். பார்த்துவிட்டு அஸர் தொழுகைக்குள் அடுக்கிவிட்டார், சட்டைகளை நிறவாரியாக!

ஜனவரி 12, ஞாயிறு

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு நிக்காஹ். பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம்.

பாதி வழியில் இவருக்கு வந்துவிட்டது. கம்பியைப் பிடித்த கை வெள்ளையாகிவிட்டது. "எறங்கணும் ஜுலைஹா, எறங்கணும்." நெற்றியெல்லாம் வேர்வை. கண்டக்டர், "யாராச்சும் தண்ணி குடுங்கப்பா, ஒதுங்குங்க" என்று கத்தினார். ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். கூடைக்காரம்மா ஒருத்தி முந்தானையால் விசிறினாள், மீன் வாடையோடு.

இவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். ஊர் பார்க்கிறது என்று தோன்றவில்லை.

"மச்சான், எங்கூட எண்ணுங்க. நாலு வரைக்கும் உள்ள. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப மெதுவா வெளிய. ஆறு வரைக்கும்."

முதலில் வரவில்லை. மூன்றுக்குள் உடைந்துபோனது. மறுபடி. மறுபடி. பாலம் தாண்டும்போது ஆறு வரை வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது.

"எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க வர மாட்டேன்னீங்களே, அங்கதான்."

நிக்காஹ் வீட்டில் பிரியாணி நல்லா இருந்தது என்றார். மறுசோறு வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு வருஷத்தில் இவருக்கு நான் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது இதுதான் முதல். அல்ஹம்துலில்லாஹ். எண்ணத் தெரிந்ததற்கு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கிளாஸ் லீவு. காந்திமதி அக்கா தம்பியிடம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தார். இவருக்குச் சுகர். ஒரு ஸ்பூன் என்று சொல்லி மூன்று ஸ்பூன்.

சின்னவள் சென்னையிலிருந்து போன். "வாப்பா யோகா போறாங்களா? ஃபோட்டோ எடுத்து அனுப்பும்மா!" இன்னும் போகவில்லை என்றேன். "போறேன்னு சொல்லு" என்று என் பின்னாலிருந்து இவர் குரல்.

ஜனவரி 17, வெள்ளி

மெல்லிய தூறல், உடனே நின்றுவிட்டது.

வந்தார். பேன்ட் போட்டுக்கொண்டு, சென்ட் அடித்துக்கொண்டு. ஆண்கள் வரிசையில் கடைசியாக உட்கார்ந்தார். மற்றவர்கள் நான்கைந்து மாதமாகச் செய்வதை எட்டிப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மூச்சுப் பயிற்சியில் முகம் தெளிவாகத்தான் இருந்தது. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கவனம் ஏழு இடத்தில் ஒன்றிலும் இல்லை.

கடைசியில் சவாசனம். எல்லாரும் மல்லாந்து படுக்க வேண்டும். டீச்சர் எப்போதும் சொல்வதைச் சொன்னார். "கை ரெண்டும் பக்கத்துல. உள்ளங்கை மேல பாத்து. பொணம் மாதிரி, அசையாம."

தடதடவென்று சத்தம். கண்ணைத் திறந்தால் இவர் படியிறங்கிக்கொண்டிருக்கிறார். செருப்புகூடப் போடவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு இவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கடற்கரை ரோட்டுப் பக்கம் வேகவேகமாக நடை. கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில், சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். படகுகள் முகத்துவாரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஐந்தாறு படகு போன பிறகு தானாகவே பேசினார்.

"ஓபுலேசு தெரியும்ல? கடப்பாக்காரன். ரூம்ல என் கீழ்க்கட்டிலு."

தெரியும். போனில் சில சமயம் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். பதினாலு வருஷம் ஒரே ரூம்.

"செத்துட்டான். போன ஜூன்ல."

எனக்குச் சொல்லவே இல்லை. வேலை போதும் என்று வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் எறங்குறப்ப என் காலு அவன் கட்டில் விளிம்புல படும். தெனம். 'மெல்லங்கா'ன்னுவான் தெலுங்குல. அன்னிக்கு சொல்லல. அசந்து தூங்குறான்னு நெனச்சேன். குளிச்சேன், தொழுதேன். டீ போட்டு ரெண்டு கிளாஸ்ல ஊத்திட்டுத்தான் எழுப்புனேன். மல்லாந்து கெடக்கான். உள்ளங்கை ரெண்டும் மேல பாத்து. டீச்சர் சொன்னாங்கள்ல, அதே மாதிரி."

தன் உள்ளங்கைகளைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எப்ப நின்னுச்சுன்னு தெரியல. நான் மேல குறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்கேன் ஜுலைஹா. ரெண்டரை அடிதான் நடுவுல. ஒரு சத்தம்கூட எனக்குக் கேக்கல. அதுலேந்து படுத்தா, என் மூச்சையே காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கேன். கேக்கக் கேக்க அது நிக்கிற மாதிரி ஆயிடுது."

கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்டவெளியில். நடைப்பயிற்சி போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் போய், ஓபுலேசுக்காகவும் துஆ கேட்டேன் என்றார்.

ஜனவரி 18, சனி

இவரிடம் கேட்டுக்கொண்டு டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் வீட்டு அடையாளம் கேட்டு எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டர். கையில் ஒரு பை கத்தரிக்காய், தோட்டத்தில் பறித்தது. உட்காரவே இல்லை, நின்றபடி இவரிடம் சொன்னார்.

"பாய், நான் சொன்ன வார்த்தை தப்பு. வாய்ப்பழக்கமா எத்தனையோ வருஷமா சொல்லிட்டே இருக்கேன். யார் மனசுல என்ன இருக்குன்னு யோசிக்கல. இனிமே அதைச் சொல்ல மாட்டேன்."

"அய்யோ, என்ன டீச்சர் நீங்க..." இவருக்குக் கூச்சம்.

"நீங்க வாங்க. படுக்க வேணாம். செவுத்துல சாஞ்சு உக்காருங்க, கண்ணையும் தொறந்தே வச்சிக்குங்க. உங்க உடம்பு என்னிக்கு சரிங்குதோ அன்னிக்குப் படுக்கலாம். சரிங்கலன்னா வேணாம். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க, நான் அதுக்கெல்லாம் மருந்து இல்ல."

வந்தவருக்கு டீ கூடக் கொடுக்கவில்லை. அறுவடை மெஷின் வயலுக்கு வந்துவிட்டதாம், பறந்துவிட்டார். நாளை கிளாஸ் இல்லை.

தப்பு என்று வீடு தேடி வந்து சொல்லும் மனுஷி. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் இப்படி? விரல் விட்டு எண்ணினேன். இரண்டாவது விரலுக்கு ஆள் இல்லை.

கத்தரிக்காய்: பாதி எண்ணெய்யில், பாதி நாளைக்கு.

ஜனவரி 23, வியாழன்

இவர் நான்கு நாளாக ஒழுங்காக வருகிறார். கடைசிப் பத்து நிமிஷம் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்து, படுத்துக் கிடக்கும் எங்களைக் காவல் காக்கிறார். காந்திமதி அக்கா: "பாய் இருக்காரு, திருடன் வந்தாலும் பாத்துக்குவாரு, நிம்மதியாப் படுக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். இவரும்.

டீச்சர் இப்போது "ஓய்வு" என்றுதான் சொல்கிறார். இரண்டு தடவை பழைய வார்த்தை பாதி வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று டீச்சரைக் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்டேன், பயம் எந்த இடத்தில் என்று. யோசித்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினார். ஏழில் அது இல்லை.

என் முழங்கால் சத்தம் குறைந்திருக்கிறது. வலி இருக்கிறது, சத்தம் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், ஸ்பீக்கர் பாட்டு.

ஓபுலேசு மனைவிக்கு இவர் போன் செய்யவே இல்லை என்று தெரிந்தது. ஏழு மாதம். உடலை அனுப்பும் பேப்பர் எல்லாம் ஓடி ஓடிப் பார்த்தது இவர்தான். ஆனால் பேசவில்லை.

"என்னத்தச் சொல்றது? பக்கத்துல இருந்தும் தெரியலன்னா?"

"அதையே சொல்லுங்க."

பதினோரு மணிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். தெலுங்கு எனக்குப் புரியாது. குரல் புரியும். அந்தம்மா நிறுத்தாமல் பேசினார். இவர் ஆமாம் போட்டுக்கொண்டே "அவுனம்மா, அவுனம்மா" என்றார். பிறகு இவர் அழுதார். அந்தம்மா சமாதானம் சொல்வது போலிருந்தது. தலைகீழ்.

முடிந்ததும் கேட்டேன்.

"கஷ்டப்பட்டாரான்னு கேட்டுச்சு. இல்லம்மா, தூங்குன மாதிரி மொகம்னேன். அதைக் கேக்கத்தான் ஏழு மாசமா காத்துக்கிட்டு இருந்துச்சாம். நம்பர் இல்லாம. வேற யாரைக் கேக்குறதுன்னு தெரியாம."

"வேற?"

"மேல்கட்டிலு பாய் இருக்காரு, எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு போன்ல சொல்லுவானாம்." போனைக் கவிழ்த்து வைத்தார். "நான் கோவமா இருக்கும்னு நெனச்சேன் ஜுலைஹா. நன்றி சொல்லுது."

மதியம் சாப்பாடு ஆறிப்போனது. யாருக்கும் பசியில்லை. அதுவும் நல்லதுதான்.

பிப்ரவரி 3, திங்கள்

காற்று மாறிவிட்டது, பனி குறைவு. அறுத்த வயல் வாசனை பஸ் ஸ்டாண்டு வரை.

போன வாரம் ஒருநாள் மதியம் கூடத்துப் பெஞ்சு மீது ஒருக்களித்துப் படுத்தார், கால் மணி நேரம். இன்று கட்டிலில். இன்னும் பயம் வருகிறது. நேற்றுகூட மதியம் லுஹர் தொழுகைக்கு முன் வந்தது. ஆனால் தானாகவே எண்ணிக்கொண்டார், நான் அடுப்படியிலிருந்து கேட்டேன், நாலு, ஆறு, நாலு, ஆறு. நான் போகவில்லை. போகாமல் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா: மாத்திரை அப்படியே. அடுத்த மாதம் குறைக்கலாமா என்று பார்க்கலாமாம்.

அந்த ஏழு பூவைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உச்சந்தலையில் கவனம் வைத்தால் பேன் நினைவுதான் வருகிறது. ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம், நானும் இவரும் ஒரே அறையில், ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் கேட்காமல். கல்யாணமான நாளிலிருந்து இது கிடைத்ததில்லை.

கொடுக்க: காந்திமதி அக்காவின் பொங்கல் பாத்திரம் (வட்டலாப்பம் வைத்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது).

பிப்ரவரி 8, சனி

எனக்குக் காய்ச்சல். எலும்பெல்லாம் வலி. எழுந்திருக்க முடியவில்லை.

"நான் போவல, ஒன்னைப் பாத்துக்கிறேன்" என்றார். "போயிட்டு வாங்க, நான் செத்துட மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவர் ஒன்றும் நினைக்காமல் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். தனியாக, முதல் தடவை.

6.45க்கு முடியும். ஏழேகால் ஆனது. ஏழரை. போனை இங்கேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எட்டு. சனிக்கிழமை வண்டிக் கூட்டம், ரோட்டில் பயம் வந்துவிட்டதோ, யாராவது பிடித்து உட்கார வைத்தார்களோ. புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து வாசல் வரை வந்துவிட்டேன்.

எட்டேகாலுக்குத் தெருமுனையில் தெரிந்தார். மெதுவாக. தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் பாயின் கோடு.

"எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"தூங்கிட்டேன்."

"எங்க?"

"அங்கதான். ஹால்ல." இவருக்கே நம்ப முடியவில்லை. "சும்மா படுத்துப் பாப்போம்னு மல்லாந்தேன். எண்ணிக்கிட்டு இருந்தேன். எத்தனாவதுன்னு தெரியல. கண்ணு முழிச்சா ஒருத்தரும் இல்ல. ஜன்னல சாத்திட்டு, லைட்ட அணைச்சிட்டு, டீச்சர் மட்டும் படிக்கட்டுல உக்காந்து பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காங்க. எழுப்பிருக்கலாமே டீச்சர்னேன். 'மனசு வரல பாய். குறட்டை நல்லா வந்துச்சு. எல்லாரும் சத்தம் போடாம செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எறங்குனாங்க'ங்குறாங்க."

சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தார். கஞ்சி வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனார். வெந்தயம் எங்கே, பூண்டு எங்கே, எந்தச் சட்டி என்று ஒன்பது தடவை கேட்டார். உப்பு அதிகம். முழுக் கிண்ணமும் குடித்தேன்.